சுத்தம் செய்த வின்ச்சை ஏன் நம்பக் கூடாது

பாலிடெக்னிக்கில் நான் திருத்துகிற ரெக்கார்டு நோட்டுகளில் வருடா வருடம் ஒரே முடிவு வரும்: "கொடுக்கப்பட்ட வின்ச்சின் பயனுறுதிறன் 62 சதவீதம்." பக்கத்தில் என் சிவப்புப் பேனாவும் வருடா வருடம் ஒரே கேள்வியை எழுதும்: எத்தனை கிலோவுக்கு? பையன்கள் திருதிருவென்று விழிப்பார்கள். வெவ்வேறு எடைகளுக்கு அளந்திருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை வந்திருக்கும், அதில் பார்க்க அழகாக இருக்கிற கடைசி எண்ணை எடுத்து முடிவு என்று எழுதி மூடிவிடுவார்கள். வின்ச் என்பது கயிற்றை டிரம் என்கிற உருளையில் சுற்றி எடை தூக்கும் இயந்திரம்; பயனுறுதிறன் என்பது நாம் கொடுக்கிற உழைப்பில் எடைக்குப் போய்ச் சேர்கிற பங்கு. தூக்கும் இயந்திரத்துக்கு நிலையான ஒரு திறன் கிடையாது. அரை மூட்டை தூக்கும்போது ஒன்று, எஞ்சின் தூக்கும்போது வேறொன்று. அதைவிட முக்கியம், அந்த எண் ஒரு எல்லையைத் தாண்டினால் இயந்திரத்தின் குணமே மாறிவிடும்.

கரும்பலகையில் சொன்னால் இது மண்டையில் ஏறுவதில்லை. அதனால் அப்பாவின் பட்டறையை வைத்துச் சொல்கிறேன்.

ராமேசுவரம் போகிற வழியில் இருக்கிற மண்டபம் ஊரில், வடக்குக் கடல் பக்கம் எங்கள் பட்டறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எஞ்சினை இறக்கிப் பிரிப்பது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான். எங்கள் வீட்டுக்கு அதுதான் அறுவடைக் காலம். எஞ்சின் தூக்க அப்பா வைத்திருப்பது கையால் சுற்றுகிற ஒரு பழைய வின்ச். இரும்புச் சட்டத்தின் உச்சியில் ஒரு கப்பி, அதன்மேல் போய் வருகிற நைலான் கயிறு, கீழே தூணில் பூட்டிய வின்ச், இரண்டு பக்கமும் கைப்பிடி. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பா ஒவ்வொரு தடவையும் வேறு கதை சொல்வார். ஒரு தடவை தூத்துக்குடி ஏலம், இன்னொரு தடவை பாம்பனில் யாரோ கொடுத்தது. நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

வாடைக்காற்று ஓய்ந்த பிறகு அதைப் பிரித்து, கழுவி, புது கிரீஸ் போட்டுப் பூட்டலாம் என்று அப்பா முடிவு செய்தார். பிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, பூட்டிய பின்னால் ஒரு தடவை அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சித்தப்பாவுக்குச் சிரிப்பு. "ஏத்தா, கழுவுனா லேசாத்தான் சுத்தும். இதுக்கு எதுக்கு பேப்பரும் பேனாவும்?" லேசாகச் சுற்றும் என்பது எனக்கும் தெரியும். எவ்வளவு லேசாக, அதனால் வேறு என்ன ஆகும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் வேக விகிதம். எடை ஒரு அடி ஏற நம் கை எத்தனை அடி சுற்ற வேண்டும் என்பதுதான் அது. உராய்வு எவ்வளவு இருந்தாலும் இந்த எண் மாறாது. கைப்பிடி தண்டிலிருந்து 45 செ.மீ. நீளம். சின்னப் பல்சக்கரத்தில் 15 பல், பெரியதில் 75. டிரம்மின் விட்டம் 16 செ.மீ. பாடப்புத்தகச் சூத்திரப்படி கைப்பிடியின் இரட்டிப்பை டிரம் விட்டத்தால் வகுத்து, பல் விகிதமான 5 ஆல் பெருக்கினால் 28 வரும். அப்படியே எழுதினால் தப்பு. கயிறு 2 செ.மீ. தடிமன். இழுவை கயிற்றின் நடுமையத்தில்தான் நடக்கிறது, ஆகவே விட்டம் 18 என்று எடுக்க வேண்டும். 90 ஐ 18 ஆல் வகுத்தால் 5, பல் விகிதம் 5, ஆக 25. நம்பாதவர்கள் டேப் வைத்துப் பார்க்கலாம். கைப்பிடியை முழுசாகப் பத்துச் சுற்று சுற்றினால் கொக்கி 113 செ.மீ. ஏறுகிறது. ஒரு சுற்றில் கை போகும் வட்டம் 283 செ.மீ., கொக்கி ஏறுவது 11.3. வகுத்தால் அதே 25. எனக்குச் சூத்திரத்தைவிட டேப்பின் மேல் நம்பிக்கை அதிகம். பல் எண்ணுவதில் பிசகு வரலாம், டேப்பில் அது வராது.

கயிறு டிரம்மில் இரண்டாவது அடுக்கு ஏறினால் நடுமைய விட்டம் ஏறக்குறைய 22 ஆகிவிடும். விகிதம் 25 இலிருந்து 20.5 க்கு இறங்கும். அதே எடைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கை அழுத்த வேண்டும். எங்கள் பட்டறையில் எல்லோரும் சொல்கிற ஒரு குறை இதனால்தான்: "எஞ்சின் மேலே போகப் போக கனக்குது." கை அசந்துபோவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். தேவைக்கு மேல் நீளமான கயிறு, மிச்சம் எல்லாம் டிரம்மிலேயே கிடக்கிறது, பாதித் தூக்கில் இரண்டாவது அடுக்கு ஆரம்பிக்கிறது. கயிற்றை அளவாக வெட்டினால் அந்தக் கனம் போய்விடும். ஆனால் கொக்கி தரையைத் தொடும்போதும் டிரம்மில் மூன்று சுற்றாவது மிச்சம் இருக்கும்படி வெட்ட வேண்டும். கயிற்றின் நுனியைப் பிடித்திருக்கிற ஆணி பாரம் தாங்குவதற்காக வைத்ததில்லை, அந்த மூன்று சுற்றின் இறுக்கம்தான் தாங்குகிறது.

அடுத்தது எடை. ஆய்வகத்தில் இரும்புத் தட்டுகள் இருக்கும், பட்டறையில் அதெல்லாம் இல்லை. உப்பு மூட்டை தொங்கவிடலாம் என்றார் சித்தப்பா. கடற்கரைக் காற்றில் உப்பு ஈரம் குடித்து எடை மாறிக்கொண்டே இருக்கும், வேண்டாம் என்றேன். நீல நிறப் பிளாஸ்டிக் பேரலைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். நல்ல தண்ணீரை இதற்குக் கொட்டினால் அம்மா சும்மா விடமாட்டார், இங்கே தண்ணீர் வண்டி வருகிற நாளை எண்ணிக்கொண்டுதான் குடும்பம் நடக்கிறது. அதனால் கடல் தண்ணீர். அது லிட்டருக்கு ஒரு கிலோ இருக்காது, சுமார் 25 கிராம் கூடுதல். வாளிக் கணக்கில் ஊற்றினால் 190 லிட்டருக்குப் போகும்போது கிட்டத்தட்ட 5 கிலோ பிசகும். ஆகவே ஒவ்வொரு வாளியையும் மீன் நிறுக்கிற தொங்கு தராசில் மாட்டி நிறுத்தே ஊற்றினோம். காலிப் பேரலும் கொக்கியும் சங்கிலியும் சேர்ந்து 10 கிலோ. தண்ணீரை 40, 90, 140, 190 கிலோ என்று ஏற்றினால் மொத்த எடை 50, 100, 150, 200.

கை விசையை அளக்கவும் அதே தராசுதான். கைப்பிடியில் கயிற்றால் கட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக, மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். அசையத் தொடங்கும்போது எண் கூடுதலாகக் காட்டும், அதை விட்டுவிட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டுவதைக் குறிக்க வேண்டும். டிஜிட்டல் தராசில் உச்ச எண்ணைப் பிடித்து வைக்கிற பொத்தான் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். எங்கள் வின்ச்சில் ஒரு வசதி, இரண்டு கைப்பிடிகளும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன, அதனால் ஒன்றின் எடையை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. ஒற்றைக் கைப்பிடி வின்ச் என்றால் இதைத் தனியாகக் கழிக்க வேண்டும். விடியற்காலையிலேயே அளந்து முடித்துவிட்டோம். ஒன்பது மணிக்கு மேல் காற்று எழுந்தால் பேரல் ஊஞ்சலாடும், தராசு எண் நிற்காது.

கழுவுவதற்கு முன் கிடைத்தவை: 50 கிலோவுக்கு 8.8, 100 க்கு 12.4, 150 க்கு 16.3, 200 க்கு 20.1. ஆய்வகத்தில் நியூட்டன் என்று எழுதச் சொல்லித் திட்டுவேன், பட்டறையில் இரண்டு பக்கமும் கிலோவாகவே இருக்கட்டும், விகிதம்தானே நமக்கு வேண்டும்.

இந்த நான்கு புள்ளிகளையும் வரைபடத் தாளில் வைத்தால் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் உட்காரும். அந்தக் கோட்டைச் சொல்லில் எழுதினால்: கை விசை என்பது எடையின் 0.075 மடங்கு, அதோடு ஒரு 5 கிலோ. இதைத்தான் இயந்திரத்தின் விதி என்கிறார்கள். என்னைக் கேட்டால் பயனுறுதிறனைவிட இந்தக் கோடுதான் முக்கியம், மற்ற எல்லாமே இதற்குள் இருந்து வரும். அந்த 5 கிலோ, கொக்கியில் ஒன்றுமே இல்லாதபோதும் நாம் கொடுக்க வேண்டிய கப்பம். தண்டு உட்கார்ந்து சுழல்கிற புஷ் இறுகிப்போனது, காய்ந்த கிரீஸ், கனத்த சக்கரங்கள் எல்லாம் இதில் அடங்கும். 0.075 என்பது எடையோடு சேர்ந்து வளர்கிற பகுதி. பாரம் ஏற ஏறத் தண்டு புஷ்ஷில் அழுந்துகிறது, பற்கள் ஒன்றையொன்று அழுத்தித் தேய்க்கின்றன, உச்சிக் கப்பியில் கயிறு இறுகி வளைகிறது, அதெல்லாம் இதில் வருகிறது. உராய்வே இல்லாத வின்ச்சாக இருந்தால் இது 25 இல் ஒரு பங்கு, அதாவது 0.04 ஆக இருக்கும்.

பிரித்துப் பார்த்தபோது உள்ளே பழைய கிரீஸ் மணலோடு சேர்ந்து எள்ளுத் துவையல் மாதிரி கெட்டியாக இருந்தது. அப்பா மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டி எடுத்தார். ஒரு புஷ் மாற்றினோம், உச்சிக் கப்பியையும் இறக்கித் துடைத்தோம். பூட்டிவிட்டு மறுபடியும் அதே பேரல், அதே தராசு. இந்தத் தடவை 50 கிலோவுக்கு 5.1, 100 க்கு 7.9, 150 க்கு 11.1, 200 க்கு 13.9. கோடு கீழே இறங்கிவிட்டது: எடையின் 0.06 மடங்கு, அதோடு 2 கிலோ.

இப்போது பேரலை விட்டு எஞ்சினுக்கு வருவோம். ஒரு 400 கிலோ எஞ்சின் என்று வையுங்கள். கழுவுவதற்கு முன்பு கை விசை 0.075 இன் 400 மடங்கு 30, அதோடு 5, ஆக 35 கிலோ. இரண்டு பேர் ஆளுக்குப் பதினேழரை கிலோ விடாமல் அழுத்திச் சுற்ற வேண்டும், அது முதுகை ஒடிக்கிற வேலை. கழுவிய பின்பு 24 உம் 2 உம் 26 கிலோ. ஆளுக்கு 13. உராய்வே இல்லாவிட்டால் 16 கிலோ போதும். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 35 கிலோவை 25 மடங்கு தூரம் நகர்த்துகிறோம் என்றால் 875 கிலோவைத் தூக்குகிற உழைப்பைக் கொடுக்கிறோம். எஞ்சின் 400 தான். மீதி 475 கிலோ யார் கண்ணுக்கும் தெரியாமல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கழுவிய பிறகு அது 250 ஆகக் குறைந்தது. சித்தப்பாவுக்குப் பிடித்த கணக்கு இது ஒன்றுதான். "அப்ப இத்தனை வருஷமா ரெண்டு எஞ்சினை தூக்கிட்டு ஒரு எஞ்சினுக்குத்தான் காசு வாங்கிருக்கோம்" என்றார்.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. நான் அளக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இனிமேல்தான்.

பயனுறுதிறன் கணக்கிடுவது எளிது. எடையைக் கை விசையால் வகுத்தால் இயந்திர லாபம், அதை வேக விகிதத்தால் வகுத்தால் திறன். கழுவுவதற்கு முன் 50 கிலோவில் 23 சதவீதம், 200 இல் 40. எடை கூடக் கூடத் திறனும் கூடும், ஏனென்றால் அந்த நிலையான 5 கிலோ கப்பம் பெரிய எடைக்கு முன்னால் சின்னதாகிக்கொண்டே போகிறது. ஆனால் கூரை ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய எடை மாட்டினாலும், ஒன்றை 0.075 உம் 25 உம் பெருக்கி வந்ததால் வகுத்தால் என்ன கிடைக்குமோ அதைத் தாண்டாது. அது 53 சதவீதம். கழுவிய பிறகு 50 கிலோவில் 39, 100 இல் 51, 150 இல் 54, 200 இல் 58. கூரை 67.

முதலில் நான் சொன்ன எல்லைக்கோடு 50 சதவீதம்தான். ஒரு வின்ச் 40 சதவீதத் திறனில் வேலை செய்கிறது என்றால், நாம் கொடுக்கிற 100 பங்கு உழைப்பில் 60 உராய்வுக்குப் போகிறது, 40 எடைக்குப் போய்ச் சேர்கிறது. கைப்பிடியை விட்டுவிட்டால் எடை தானாக இறங்கப் பார்க்கும். இறங்கும்போது அதன் கையில் இருப்பது 40 பங்கு, உராய்வு கேட்பதோ 60. கட்டுப்படியாகாது, எடை அப்படியே நிற்கும். திறன் 60 என்றால் கணக்கு தலைகீழ். எடையின் கையில் 60, உராய்வு கேட்பது 40. மீதி 20 எஞ்சினைக் கீழே இறக்கிவிட்டு, கைப்பிடியையும் சுழற்றிவிடும். இறங்கும்போது உராய்வு துல்லியமாக அதே அளவு இருக்காது என்றாலும் கைக்கணக்குக்கு இது போதும்.

பழைய அழுக்கு வின்ச்சில் 400 கிலோ எஞ்சினைத் தூக்கும்போது திறன் 46 சதவீதம். அந்தக் கோட்டின்படி 50 ஐத் தொட ஒரு டன் மாட்ட வேண்டும், ஒரு டன் எஞ்சின் எங்கள் பட்டறைக்கு வந்ததே இல்லை. அதாவது, எந்த எஞ்சினைத் தூக்கினாலும் கைப்பிடியை விட்டுவிட்டு பீடி பற்றவைக்கலாம், எஞ்சின் அந்தரத்தில் நிற்கும். எல்லோரும் அப்படித்தான் செய்து பழகியிருந்தார்கள். வின்ச்சின் ஓரத்தில், அது பின்னால் சுழலாமல் தடுக்க, ராட்செட் என்கிற பல்சக்கரமும் அதன் பல்லில் விழுகிற நாக்கும் இருக்கிறது. அது பெயின்டில் ஒட்டி அசையாமல் கிடந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. இத்தனை காலம் எஞ்சினை அந்தரத்தில் பிடித்து நிறுத்தியது மணல் கலந்த அந்த கிரீஸ். அதைத்தான் அப்பா சுரண்டி எடுத்துவிட்டார். கழுவிய வின்ச் 100 கிலோவிலேயே 50 ஐத் தாண்டுகிறது. 400 கிலோவில் 61 சதவீதத்துக்கும் மேல்.

சித்தப்பாவிடம் நாக்கை நெம்பி விடுவித்து எண்ணெய் விடச் சொன்னேன். "இத்தனை வருஷம் நாக்கு போடாமத்தான நின்னுச்சு?" என்றார். வாய்ப்பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது என்று தெரியும். பேரலை மணலிலிருந்து ஓரடி உயரத்தில் மட்டும் தொங்கவிட்டு, கைப்பிடி சுழல்கிற பாதையில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எடையிலும் கைப்பிடியை விடச் சொன்னேன். 50 கிலோவில் அசையவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். 100 இல் கொஞ்சம் யோசித்து, இலேசாக ஊர்ந்து, நின்றது. 150 இல் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. 200 இல் கைப்பிடி இரண்டரைச் சுற்றுக்கு மேல் வேகமாகச் சுற்றியது, பேரல் மணலில் உட்கார்ந்து பாதித் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. வாயே திறக்காமல் போய் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்துவந்து நாக்கைச் சுரண்ட ஆரம்பித்தார்.

ஓரடி உயரத்தில் பேரல் என்பதால் வேட்டியோடு போயிற்று. எஞ்சின் ஒரு நொடியில் ஒரு மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். வேக விகிதம் 25. கைப்பிடியின் நுனி அதே நொடியில் 25 மீட்டர் போகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் இரும்புக் கம்பி. தூக்கும்போது நமக்கு உதவுகிற அதே எண்தான் திரும்பி வரும்போது முழங்கையை உடைக்கிறது. எடை தலையில் விழுந்து அடிபட்டவர்களைவிடக் கைப்பிடி அடித்துக் காயம்பட்டவர்களைத்தான் இந்தக் கரையில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கையால் சங்கிலியை இழுத்து எடை தூக்குகிற செயின் பிளாக்கில் இந்தப் பிரச்சினையை இரண்டு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் இருப்பது பழைய மாதிரி: மேலே ஒரே தண்டில் கொஞ்சம் பெரியதும் கொஞ்சம் சின்னதுமாக இரண்டு சக்கரம் ஒட்டியிருக்கும், சங்கிலி ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும். பெரிய சக்கரத்தில் சங்கிலி உட்கார 12 குழி, சின்னதில் 11 என்றால், 12 இன் இரட்டிப்பை வித்தியாசமான 1 ஆல் வகுக்க வேண்டும், விகிதம் 24. வித்தியாசத்தைக் குறைக்கக் குறைக்க விகிதம் ஏறும். இரண்டும் சமமானால் முடிவிலி, ஆயுளுக்கும் இழுக்கலாம், எடை ஒரு அங்குலம் ஏறாது. இந்த மாதிரியின் திறன் வழக்கமாக 50 க்குக் கீழேதான் இருக்கும், அதனால் சங்கிலியை விட்டாலும் எடை நிற்கும். இப்போது கடையில் வாங்குகிற செயின் பிளாக்குக்குள் பல்சக்கரங்கள். திறன் நன்றாக உயர்ந்துவிட்டது, ஆகவே தானாக நிற்காது. அதற்காக உள்ளே உராய்வுத் தட்டும் ராட்செட்டும் வைத்திருக்கிறார்கள். தூக்கும்போது டக் டக் என்று கேட்பது அந்த நாக்கு பல் தாண்டுகிற சத்தம். அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று கழற்றிப்போட்ட ஒரு புண்ணியவானையும் எனக்குத் தெரியும்.

ஜாக்கி வேறு ரகம். படகின் அடிக்கட்டையை நெம்பித் தூக்கிக் கீழே கட்டை வைக்கிறோமே, அந்த மரைஜாக்கியில் அரை மீட்டர் கம்பியைப் போட்டுச் சுற்றினால், மரை இடைவெளி ஒரு செ.மீ. என்றால், விகிதம் 314. கேட்க மலைப்பாக இருக்கும். திறன் 20 சதவீதம் என்று வைத்தாலும் லாபம் 63 தான். மீதி எல்லாம் மரையின் உராய்வு தின்றுவிடுகிறது. தின்னட்டும். அந்தப் பசியால்தான் படகு நம் தலைமேல் இறங்காமல் நிற்கிறது. மரையின் சரிவு மிகக் குறைவு என்பதால் கிரீஸ் போட்டாலும் இது நழுவுவதில்லை, வின்ச் மாதிரி ஏமாற்றாது. அதற்காகக் கட்டை வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், மணல் தரை நழுவலாம்.

கப்பிகளைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும், இந்த உப்புக்காற்றில் வேலை செய்கிறவர்களுக்கு இது பணக் கணக்கு. வல்லத்தைக் கரையேற்ற ஆள் குறைவு என்றால் இன்னும் இரண்டு கப்பி சேர்த்துக் கட்டு என்பார்கள். ஒவ்வொரு கப்பியையும் கடக்கும்போது கயிற்றின் இழுவையில் 10 சதவீதம் போய்விடுகிறது என்று வையுங்கள். நாலு கயிறு தாங்கினால் லாபம் நாலு வராது, 0.9, 0.81, 0.73, 0.66 என்று கூட்டிக்கொண்டு போனால் 3.1 தான். எட்டுக் கயிறு போட்டால் 5.1. கப்பியைச் சேர்த்துக்கொண்டே போனாலும், நூறு கப்பி கட்டினாலும், 9 ஐத் தாண்டவே தாண்டாது. இது நல்ல கப்பிக்கு. துருப்பிடித்து அச்சு இறுகி, ஒவ்வொன்றும் 20 சதவீதம் தின்னும் கப்பி என்றால் எல்லை 4. எட்டுக் கயிறு போட்டாலும் 3.3. நல்ல கப்பியில் நாலே கயிறு தருவதும் கிட்டத்தட்ட அதேதான். புதிதாக நாலு கப்பி வாங்குகிற காசுக்கு, இருக்கிற கப்பிகளின் அச்சை மாற்றுவது லாபம். அதை மாற்றும்போது, முன்னால் தானாக நின்றது இனி நிற்குமா என்று பார்த்துவிடுங்கள்.

மாணவர்களை இந்த வருடம் பட்டறைக்கே அழைத்து வந்தேன். அளந்து முடித்துவிட்டு, மண்டபம் வரை வந்தோமே என்று பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று ரயில் பாலத்தைப் பார்த்தோம். 1914 இல் திறந்த பழைய பாலத்தின் நடுவில் இருந்தது ஷெர்சர் என்கிற பொறியாளர் வகுத்த முறை. கப்பல் வரும்போது இரண்டு பாதிகளும் வளைந்த அடிப்பாகத்தின் மேல் உருண்டு திறக்கும், அதை ஆட்கள் கையாலேயே சுற்றித் திறந்தார்கள். நூற்றுக்கணக்கான டன் இரும்பைக் கையால். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே போகும், மோட்டார்தான் இழுக்கிறது.

பழையதிலும் சரி புதியதிலும் சரி, தந்திரம் எதிர்எடை. பாலத்தின் பாரத்துக்குச் சமமாக மறுபக்கம் இன்னொரு பாரம். கையோ மோட்டாரோ பாலத்தைத் தூக்குவதில்லை, சமமாக நிற்கிற இரண்டு பாரங்களை அசைக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ இந்தப் பாலத்தோட பயனுறுதிறன் எவ்வளவு மேடம்?" நம் சூத்திரத்தில் போட்டுப் பார் என்றேன். முழுக்கச் சமன் செய்துவிட்டால் தூக்க வேண்டிய நிகர எடை பூஜ்யம். பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம். சூத்திரப்படி அது உலகத்திலேயே மோசமான இயந்திரம். கோட்டைப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். எடையோடு வளர்கிற பகுதி காணாமல் போய், நிலையான கப்பம் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் கப்பம் சின்னது என்று நினைக்க வேண்டாம். தாங்கிகள் பாலத்தின் பாரத்தையும் எதிர்எடையின் பாரத்தையும் சேர்த்தே சுமக்கின்றன, உராய்வு அந்த இரட்டைப் பாரத்துக்கு வருகிறது. அதற்குமேல் இந்தக் கால்வாயில் வீசுகிற காற்று.

அந்தக் கப்பத்தை எப்படி அளப்பது என்று அவள் அடுத்துக் கேட்டாள். பேரலும் தொங்கு தராசும் அங்கே செல்லாது. மோட்டார் எடுக்கும் மின்சாரத்தைக் காற்றில்லாத நாளில் ஒரு தடவை, காற்றடிக்கும் நாளில் ஒரு தடவை பார்த்தால் ஓரளவு பிடித்துவிடலாம் என்றேன். அடுத்த பருவத்தின் புராஜெக்டுக்கு அதையே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அனுமதி கேட்டு ஒரு கடிதம் தயார் செய்யச் சொல்லியிருக்கிறேன்.